பம்ப் ஒட்டியிருக்கிறது, சுகர் ஏறுகிறது: ஒட்டுப் பம்ப் மக்கர் செய்தால் எங்கிருந்து தேடுவது

இன்சுலின் பம்ப் கையேடுகளில் பழுதுகளை அலாரம் வாரியாக அடுக்கியிருப்பார்கள். இந்தச் சத்தம் வந்தால் இந்தத் திரை, அந்தச் சத்தம் வந்தால் அந்தப் பொத்தான். அணிந்திருப்பவருக்கு இது பாதிதான் உதவும். தோலில் நேராக ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப் பம்பில் உண்மையிலேயே ஆபத்தான பழுதுகள் பெரும்பாலும் வாயே திறக்காது. அதனால் இங்கே அலாரத்தை விட்டுவிட்டு, கண்ணுக்கும் மூக்குக்கும் மீட்டருக்கும் தெரிகிற அறிகுறியிலிருந்து போகலாம்.

நான் மனதில் வைத்திருப்பது ஒம்னிபாட் வகை. அமெரிக்காவின் இன்சுலெட் நிறுவனத்தின் தயாரிப்பு. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் அனுமதி 2005இல் கிடைத்தது; தோலில் ஒட்டிச் சுகரைத் தொடர்ந்து அளக்கும் சென்சரைப் பார்த்துத் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் ஒம்னிபாட் 5 வந்தது 2022 ஜனவரியில். வெளிக்குழாய் இல்லை. சின்னச் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி, அதற்குள் 200 யூனிட் வரை இன்சுலின், பேட்டரி, மோட்டாருக்குப் பதிலாக மின்சாரம் பட்டால் சுருங்கும் ஓர் உலோகக் கம்பி. அது 0.05 யூனிட் வீதம் தட்டித் தட்டி மருந்தைத் தள்ளும். தோலுக்கு அடியில் ஆறரை மில்லிமீட்டர் ஆழத்தில் கேனுலா என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாய். மூன்று நாள் ஓடும், அதற்கு மேல் 8 மணி நேரம் சலுகை, 80ஆவது மணியில் நின்றுவிடும். மெட்ரம் போன்ற மற்ற ஒட்டுப் பம்புகளில் எண்களும் திரைகளும் மாறும். கீழே சொல்லும் தர்க்கம் மாறாது.

எந்தப் பழுதானாலும் முதலில் உடம்பு

ஊசி போடுகிறவர்களுக்கு லாண்டஸ், டிரெசிபா மாதிரி நாள் முழுக்க நிற்கிற இன்சுலின் ஒன்று உடம்பில் இருக்கும். ஒரு வேளை ஊசி தவறினாலும் அது தாங்கிக்கொள்ளும். பம்ப் அணிபவருக்கு அந்தத் தாங்கல் கிடையாது. உள்ளே போவது நோவோராபிட், ஹியூமலாக் போன்ற வேக இன்சுலின் மட்டுமே. வரத்து நின்றால் சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இருக்காது. டைப் 1 நீரிழிவு உள்ளவருக்கு அப்போதே கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் அமிலம், சேரத் தொடங்கிவிடும். ராத்திரி பதினொரு மணிக்குக் கேனுலா கழன்றால், விடிவதற்குள் வாந்தியில் வந்து நிற்கலாம்.

ஆகவே பம்ப் ஏன் மக்கர் செய்கிறது என்ற துப்பறியும் வேலை இரண்டாவது. பேனா ஊசியோ சிரிஞ்சோ, ஒரு குப்பி இன்சுலின், ரத்தக் கீட்டோன் ஸ்ட்ரிப், கூடுதலாக ஒரு பம்ப் ஆகிய நான்கும் கைக்கெட்டும் இடத்தில் இல்லாதவர்கள், மேலே படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அவற்றைச் சேர்த்து வையுங்கள். கீழே வரும் எண்கள் பொதுவாகச் சொல்லித்தரப்படுபவை. உங்கள் மருத்துவர் வேறு எண் எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் உங்களுக்கு.

அறிகுறி: சுகர் ஏறிக்கொண்டே போகிறது, பம்ப் சத்தமில்லாமல் இருக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. நிறையப் பேர் ஏமாறுவதும் இங்கேதான். "பம்ப்தான் ஒன்றும் சொல்லலியே, சாப்பாடாக இருக்கும்" என்று இன்னொரு போலஸ் (சாப்பாட்டுக்கோ சுகரை இறக்கவோ ஒரே தடவையாகக் கொடுக்கும் டோஸ்), அப்புறம் இன்னொன்று. மருந்து போகாத வழியிலேயே மூன்று முறை மருந்து அனுப்புவார்கள்.

பம்புக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: தள்ளும்போது எதிர்ப்பு இருக்கிறதா இல்லையா. தோட்டத்துக் குழாயின் நுனியை அடைத்தால் மோட்டார் திணறும். நடுவில் குழாய் கழன்று தண்ணீர் தரையில் ஓடினால் மோட்டார் சந்தோஷமாக ஓடும். கேனுலா தோலை விட்டு வெளியே வந்து, இன்சுலின் முழுக்கப் பனியனில் ஊறிக்கொண்டிருந்தாலும் பம்பின் கணக்கில் எல்லாம் சரி. "3.5 யூனிட் செலுத்தப்பட்டது" என்று திரை சொல்வதற்கு, 3.5 யூனிட் பெட்டியை விட்டு வெளியேறியது என்பது மட்டும்தான் பொருள். உடம்புக்குள் போனது என்று அது சொல்லவில்லை.

சுகர் 250 mg/dLஐத் தாண்டிவிட்டதா (கனடாவிலும் பிரிட்டனிலும் இருப்பவர்களுக்கு 13.9 mmol/L)? சென்சரை மட்டும் நம்பாமல் விரலில் குத்திப் பாருங்கள். கையைக் கழுவிவிட்டுக் குத்துங்கள்; மாம்பழம் நறுக்கின விரல் 300 காட்டும். பிறகு கீட்டோன்.

ரத்தக் கீட்டோன் 0.6 mmol/Lக்குக் கீழே, பம்ப் ஒட்டிய இடமும் சுத்தமாக உலர்ந்திருக்கிறது என்றால் ஒரே ஒரு முறை பம்ப் வழியாகத் திருத்தப் போலஸ் கொடுத்துப் பார்க்கலாம். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் இறங்கத் தொடங்கவில்லையா, பம்பின் மீதான நம்பிக்கை அத்துடன் முடிந்தது. அடுத்த டோஸ் பேனாவில், உடனே புதுப் பம்ப். கீட்டோன் 0.6க்கு மேல் என்றால் அந்த ஒரு வாய்ப்பும் கிடையாது: பேனா ஊசி, புதுப் பம்ப், நிறையத் தண்ணீர், இரண்டு மணி நேரத்தில் மறுபடி கீட்டோன். 1.5ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 3ஐ எட்டிவிட்டாலோ, வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, வாயில் பழ வாடை வருகிறது என்றாலோ பம்பைத் தொட்டுக்கொண்டு உட்காராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்கள் இந்த 250ஐ நம்பக்கூடாது. அவர்களுக்குச் சுகர் 180இல் இருக்கும்போதே கீட்டோன் ஏறியிருக்கலாம். குமட்டல், காரணமில்லாத அசதி என்றாலே கீட்டோன் பாருங்கள்.

பேனாவில் மருந்து போட்டாகிவிட்டது, இப்போது துப்பறியலாம். எப்போது ஏற ஆரம்பித்தது என்பதே பாதிப் பதில்.

புதுப் பம்ப் ஒட்டி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஏறியதா? கேனுலா ஒழுங்காக உள்ளே போகவில்லை என்பதே முதல் சந்தேகம். மேலே சின்ன ஜன்னல் இருக்கிறதே, அங்கே இளஞ்சிவப்பு நிறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கேனுலா இறங்கவே இல்லை. தெரிந்தாலும் முழு நிம்மதி இல்லை: உள்ளே போய் மடங்கியிருக்கலாம், ஒல்லியான கையில் தசையைத் தொட்டிருக்கலாம். பம்ப் மாற்றி ஒன்றரை மணி நேரத்தில் சுகர் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். தூங்கப் போகுமுன் பம்ப் மாற்றுவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை யார் பார்ப்பார்கள்? காலையில் அல்லது மாலையில், ஒரு சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினால், போலஸ் வேலை செய்ததா என்பது விழித்திருக்கும்போதே தெரிந்துவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று ஏறுகிறது என்றால், அன்று என்ன நடந்தது என்று யோசியுங்கள். பைப்பட்டை இழுத்ததா, கதவு நிலையில் இடித்ததா, பிள்ளை தொங்கியதா, பனியனைக் கழற்றும்போது மாட்டியதா. ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலே இவ்வளவு குட்டைக் கேனுலாவுக்கு அது பெரிய தூரம்.

இரண்டாம் நாள் முடிவிலோ மூன்றாம் நாளிலோ மெல்ல மெல்ல ஏறினால், அந்த இடமே சோர்ந்துவிட்டது. கேனுலாவைச் சுற்றி உடம்பு எதிர்ப்புக் காட்டத் தொடங்கி, உறிஞ்சல் குறைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் இப்படி என்றால் மூன்று நாளை இரண்டு நாளாகக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம். சிலருக்கு உண்மையாகவே அவ்வளவுதான் ஓடும்.

இடது வயிற்றில் மட்டும் எப்போதும் ஏறுகிறது, வலது பக்கம் சரி என்றால் இடது வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக ஊசியும் பம்பும் போட்டால் தோலுக்கடியில் ரப்பர் மாதிரிக் கொழுப்பு மேடு வளரும். அங்கே வலிக்காது, அதனாலேயே கை அங்கேயே போகும். மருந்தோ அங்கே போய் மாட்டிக்கொண்டு, வேண்டும்போது வராமல் வேண்டாதபோது வரும். அந்தப் பக்கத்துக்குச் சில மாதங்கள் முழு ஓய்வு.

எந்தப் பம்பை எங்கே ஒட்டினாலும் ஏறுகிறது என்றால் குப்பியைச் சந்தேகப்படுங்கள். திறந்த குப்பி 28 நாள்தான். கார் டேஷ்போர்டில் ஒரு மதியம் இருந்த குப்பியும், ஃப்ரிட்ஜின் பின்சுவரில் ஒட்டி உறைந்த குப்பியும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், வேலை செய்யாது.

அறிகுறி: ஒட்டு ஈரமாக இருக்கிறது, மருந்து வாடை வருகிறது

மீட்டரைவிட மூக்கு சீக்கிரம் கண்டுபிடிக்கும் பழுது இது. இன்சுலினில் கிருமி அண்டாமல் இருக்க ஃபீனால், கிரெசால் வகைப் பொருள்கள் சேர்த்திருப்பார்கள். அந்த ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் வாடையை ஒரு முறை குப்பியில் முகர்ந்து பழகிக்கொண்டால் பிறகு மறக்காது. குளித்த ஈரத்துக்கும் வியர்வைக்கும் இந்த வாடை கிடையாது.

வாடை வந்தால் கசிவு. வாதமே வேண்டாம், பம்பைக் கழற்றுங்கள். "கொஞ்சமாவது போயிருக்குமே" என்ற கணக்குதான் சிக்கல்: எவ்வளவு போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. புதுப் பம்ப் ஒட்டியவுடன் முன்பு கொடுத்த போலஸை முழுசாகத் திரும்பக் கொடுத்தால், பாதி ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் சுகர் தாழ்ந்துவிடும். சுகரும் கீட்டோனும் காட்டுகிற அளவுக்கு மட்டும் திருத்துங்கள். சாப்பிட்டதற்கான போலஸைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி போடாதீர்கள்.

அறிகுறி: அடைப்பு அலாரம்

இந்த அலாரம் வந்தால் பம்ப் செத்துவிட்டது. அடைப்பை எடுக்க வழி கிடையாது, மாற்ற வேண்டியதுதான். தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: அலாரம் அடித்த நேரத்தில் அடைப்பு ஏற்படவில்லை, அதற்கு வெகுநேரம் முன்பே ஏற்பட்டுவிட்டது. அழுத்தம் சேர நேரம் வேண்டும். மணிக்கு 1 யூனிட் பேசல் (நாள் முழுக்கச் சிறுகச் சிறுகப் போகும் இன்சுலின்) போகிறவருக்கு, அடைத்த நேரத்திலிருந்து அலாரம் வரச் சாதாரணமாக 3 மணி நேரம் ஆகும், ஐந்தரை வரைகூடப் போகலாம் என்று ஒம்னிபாட் கையேடே சொல்கிறது. 5 யூனிட் போலஸ் கொடுத்தால் அரை மணியை ஒட்டித் தெரிந்துவிடும். மணிக்கு 0.05 யூனிட் மட்டும் வாங்குகிற சின்னக் குழந்தைக்கு? 51 மணி நேரம். பம்பின் ஆயுளே கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

ஆகவே சின்னக் குழந்தையின் பெற்றோருக்கு அடைப்பு அலாரம் என்ற ஒன்று நடைமுறையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சென்சர் கோடும் கீட்டோன் ஸ்ட்ரிப்பும்தான் உங்கள் அலாரம்.

கழற்றிய பிறகு கேனுலாவைப் பாருங்கள். மடங்கியிருந்தால் அடுத்த முறை வேறு இடம். ஒட்டும்போது பம்பைச் சுற்றித் தோலை லேசாகக் கிள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். கேனுலா உள்ளே இறங்கும்வரை விடக்கூடாது. ஒல்லியானவர்களுக்கு இது முக்கியம்.

அறிகுறி: மருந்து நிரப்பினேன், இரண்டு பீப் வரவில்லை

85 யூனிட்டாவது உள்ளே போனால்தான் பம்ப் விழித்துக்கொண்டு இரண்டு முறை பீப் அடிக்கும். "ஒரு நாளைக்கு 15 யூனிட்தானே, 50 போதும்" என்று மிச்சம் பிடிக்க முடியாது. நிரப்பும் துளையில் சிரிஞ்சைச் செங்குத்தாகப் பிடித்தீர்களா, சிரிஞ்சில் இருந்தது மருந்தா காற்றா என்று பாருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு நிரப்பினால் குளிர் விட விட உள்ளே குமிழி கட்டும். மில்லிக்கு 100 யூனிட் உள்ள U-100 இன்சுலினில் 0.01 மில்லி காற்று ஒரு யூனிட் மருந்தின் இடத்தை அடைத்துக்கொள்ளும். குழந்தைக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டு டோஸாகவே இருக்கலாம். குப்பி அறை வெப்பத்துக்கு வந்த பிறகு எடுங்கள். பம்பும் 10 டிகிரிக்குக் குறைவான குளிரில் தொடங்கக்கூடாது.

நிரப்பிவிட்டு டெலிபோன் வந்தது என்று போய்விடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டித் தொடங்காவிட்டால் அந்தப் பம்ப் வீண். நீல மூடியை எடுக்கும்போது கேனுலா ஏற்கெனவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதை, அதை ஒட்டாதீர்கள்.

அறிகுறி: ஓரம் கிளம்புகிறது, ஒட்டமாட்டேன் என்கிறது

எண்ணெய், லோஷன், வியர்வை. தொண்ணூறு பங்கு இந்த மூன்றுதான் என்பது என் அபிப்பிராயம். ஆல்கஹால் துணியால் துடைத்துவிட்டு ஊதி ஊதிக் காய வைக்காமல், தானாகக் காய விடுங்கள். முடி அதிகம் என்றால் முந்தின நாளே மழித்துவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் மழித்தால் எரியும். வயிற்றிலும் இடுப்பின் பின்பக்கத்திலும் படுக்கை வாக்கில் அல்லது சாய்வாக, கையிலும் தொடையிலும் நெட்டு வாக்கில். தொப்புளைவிட்டு 5 சென்டிமீட்டர், பழைய இடத்தைவிட்டு இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி. புடவைக் கொசுவமும் பெல்ட்டும் வேட்டி முடிச்சும் உட்காரும் கோட்டைத் தவிருங்கள்.

மேலே ஒட்டும் டேப் உதவும். ஆனால் ஜன்னலை மறைக்கக்கூடாது. ஒரு எச்சரிக்கை: ஓரம் கிளம்பியதற்கு டேப் போடலாம், நடு கிளம்பியதற்குப் போடக்கூடாது. பெட்டியே தோலைவிட்டு ஆடுகிறது என்றால் கேனுலாவும் ஆடியிருக்கும்.

அறிகுறி: அரிப்பு, சிவப்பு, பம்பின் வடிவத்திலேயே தடிப்பு

எடுத்தவுடன் லேசாகச் சிவந்து ஒரு நாளில் மறைந்தால் அது இழுத்ததால் வந்தது. எண்ணெய் அல்லது பசை நீக்கும் துடைப்பானால் நனைத்து மெல்ல உரித்தால் சரியாகும். ஒட்டின பரப்பு முழுக்க நீர்க்கோத்து, ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட மோசமாக வந்தால் அது ஒவ்வாமை. இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2017இல் பெல்ஜியத் தோல் மருத்துவர்கள், ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சரால் புண்ணானவர்களைச் சோதித்து, ஐசோபோர்னில் அக்ரிலேட் என்ற பொருளைக் குற்றவாளியாகக் காட்டினார்கள். பிறகு இன்சுலின் பம்பிலும் அது பிடிபட்டது. 2020இல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அதையே அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஆகவே "உங்களுக்கு மென்மையான தோல், அவ்வளவுதான்" என்று யாராவது தட்டிக்கழித்தால், சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை (patch test) கேளுங்கள். தடுப்புப் படலம் தெளிப்பது சிலருக்குக் காப்பாற்றும், உண்மையான ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் போதாது.

கேனுலா இருந்த புள்ளியில் மட்டும் சூடாக, வலியோடு, சீழ் கட்டியிருந்தால் அது தொற்று. வேறு இடத்தில் புதுப் பம்ப் ஒட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஜன்னலில் ஒரு துளி ரத்தம் தெரிவது பயப்படும் விஷயமில்லை. ரத்தம் நிறைய இருந்தாலோ சுகர் ஏறினாலோ மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: பம்ப் மாற்றிய பிறகு சுகர் தாழ்கிறது

பழைய பம்ப் வழியாக இரண்டு திருத்தம், பேனாவில் ஒன்று, புதுப் பம்பில் இன்னொன்று: எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்தால் இதுதான் நடக்கும். பேனாவில் போட்டது கன்ட்ரோலருக்கு, அதாவது பம்பை இயக்கும் கைக்கருவிக்கு, தெரியாது. அதன் கணக்கில் உடம்பில் இன்சுலினே இல்லை. அதனால் தாராளமாகக் கொடுக்கச் சொல்லும். பேனா ஊசி போட்ட நேரத்தை ஒரு தாளில் எழுதி, அடுத்த நான்கு மணி நேரம் கன்ட்ரோலர் சொல்லும் திருத்தத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள். தானியங்கி முறையை அந்த நேரத்துக்குக் கைமுறைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீர். 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு தாமதப்படுத்தும்.

காரணமே இல்லாமல் தாழ்ந்தால் போலஸ் வரலாற்றைத் திறந்து எண்ணைப் படியுங்கள். 2023 கடைசியில் ஒம்னிபாட் 5இன் ஆண்ட்ராய்டு செயலிக்கே ஓர் எச்சரிக்கை வந்தது: போலஸை மாற்றும்போது முதல் எழுத்தாகப் புள்ளியை அடித்தால் செயலி அந்தப் புள்ளியை விழுங்கிவிட்டது. திருத்திய பதிப்பு வந்துவிட்டது. ஆனாலும் புள்ளிக்கு முன் ஒரு பூஜ்யம் போடும் பழக்கம் நல்லது. அனுப்பும் முன் திரையில் நிற்கும் எண்ணை வாய்விட்டுப் படிப்பது அதைவிட நல்லது.

அறிகுறி: கன்ட்ரோலர் பம்பைக் காணவில்லை என்கிறது

பதற வேண்டாம். பேசல் திட்டம் பம்புக்குள்ளேயே இருக்கிறது. கன்ட்ரோலரை வீட்டில் மறந்து வேலைக்குப் போனாலும் அது ஓடும். புதுப் போலஸ்தான் கொடுக்க முடியாது. கன்ட்ரோலரைப் பம்புக்கு அருகே கொண்டுபோங்கள், புளூடூத்தை அணைத்துப் போடுங்கள், பிறகு கருவியை அணைத்து ஏற்றுங்கள். பெரும்பாலும் இதற்குள் சரியாகும்.

போலஸ் போய்க்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால் மட்டும் நிதானம் வேண்டும். போனது எவ்வளவு என்று வரலாறு சொல்லும்வரை இரண்டாம் போலஸ் கிடையாது.

தானியங்கி முறையில் சென்சர் அளவு 20 நிமிடம் வராவிட்டால் ஒம்னிபாட் 5, சென்சரைப் பார்த்துக் கூட்டிக் குறைக்காத மட்டுப்பட்ட முறைக்கு இறங்கிவிடும். இது அடிக்கடி நடந்தால், சென்சர் முதுகுப் பக்கக் கையிலும் பம்ப் வயிற்றின் எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் உடம்பின் தண்ணீர் புளூடூத்தை மறைக்கும். இரண்டும் உடம்பின் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும்.

அறிகுறி: கழற்றிய பிறகும் ஓயாமல் அலறுகிறது

கன்ட்ரோலருக்கு அடங்காத பம்பை, கல்யாண மண்டபத்தில் இருந்தாலும் சரி, இப்படி அடக்கலாம். அடிப்பக்கத்தில், தட்டையான முனை ஓரம், பசைத் துணியைக் கொஞ்சம் உரியுங்கள். பொன்னிற வட்டம் ஒன்று இருக்கும். அதன் வலப்பக்கத்தில் சின்ன அலாரத் துளை. அதில் பேப்பர் கிளிப்பை நேராக வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் உடையும் அளவுக்கு அழுத்துங்கள். சத்தம் நிற்கும். ஃப்ரீசருக்குள் போட்டு மூடுகிறவர்களும் உண்டு. கிளிப் சுருக்கமான வழி.

வெயில், வெந்நீர், ஸ்கேன்

பம்புக்குள் இருக்கும் இன்சுலின் 37 டிகிரியைத் தாண்டக்கூடாது. சென்னை மே மாதத்திலோ துபாய் ஆகஸ்டிலோ நேர்வெயிலில் நின்ற கையில் ஒட்டிய பம்ப் அதைத் தாண்டிவிடும். அன்று மாலை எந்தக் காரணமும் இல்லாமல் சுகர் ஏறினால் பம்பை மாற்றுங்கள், உள்ளே 120 யூனிட் மிச்சம் இருந்தாலும். வெந்நீர்த் தொட்டியும் சானாவும் இரட்டை ஆபத்து: மருந்து கெடும், தோலில் ரத்த ஓட்டம் கூடி இருக்கும் மருந்து வேகமாக உள்ளே போகும். ஒம்னிபாட் 7.6 மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் தாங்கும், நீச்சலுக்குக் கவலையில்லை. கன்ட்ரோலர் நீரில் விழக்கூடாது. எம்.ஆர்.ஐ., சி.டி., எக்ஸ்ரே அறைக்குள் போகுமுன் பம்பைக் கழற்றிவிட வேண்டும். அதனால் ஸ்கேன் நாளையும் பம்ப் மாற்றும் நாளையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் ஒரு பம்ப் மிச்சம்.

சுகருக்கு அல்லாத ஒட்டுப் பம்புகள்

அமெரிக்காவில் கீமோ எடுக்கும் பெற்றோர் வீடு திரும்பும்போது கையிலோ வயிற்றிலோ ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் நியூலாஸ்டா ஆன்ப்ரோ. வெள்ளையணுக்களைக் கூட்டும் மருந்தைச் சுமார் 27 மணி நேரம் கழித்துத் தானே செலுத்தும். அதற்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். பச்சை விளக்கு மின்னினால் சரி. சிவப்பு மின்னினாலோ, பசைத் துணி நனைந்திருந்தாலோ, முடிந்த பிறகும் அளவுக்கோடு காலி என்ற இடத்துக்கு வராவிட்டாலோ புற்றுநோய்ப் பிரிவை அன்றே கூப்பிட வேண்டும். டோஸ் முழுசாகப் போகவில்லை என்றால் ஊசி வேறாகப் போட வேண்டியிருக்கும். செல்போனை 10 சென்டிமீட்டர் தள்ளியே வைக்கச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டாம்.

இதயச் செயலிழப்பில் நீர் கோக்கும்போது கொடுக்கும் ஃபியூரோஸ்கிக்ஸ் 2022 அக்டோபரில் அனுமதி பெற்றது. 80 மில்லிகிராம் ஃபியூரோசமைடை 5 மணி நேரத்தில் செலுத்தும், முதல் மணியில் 30, பிறகு மணிக்கு 12.5. அதில் தண்ணீர் படக்கூடாது. பாதியில் கழன்றால் மறுபடி ஒட்டவும் கூடாது, மிச்ச டோஸை மாத்திரையில் நீங்களாகச் சரிக்கட்டவும் கூடாது, மருத்துவரைக் கேளுங்கள்.

நிறுவனத்தைக் கூப்பிடும்போது

கெட்டுப்போன பம்பைக் குப்பையில் போட்டுவிட்டுக் கூப்பிடாதீர்கள். அதன் மேல் இருக்கும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும் வரிசை எண்ணும் கேட்பார்கள், சில சமயம் பம்பையே திருப்பி அனுப்பச் சொல்வார்கள். ஒட்டிய நேரம், கழற்றிய நேரம், எந்த இடம், அப்போது சுகர், கீட்டோன், கேனுலாவின் ஒரு புகைப்படம் இவ்வளவும் கையில் இருந்தால் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும், மாற்றுப் பம்பும் வரும். ஒரே லாட்டில் இரண்டாவது பம்பும் இப்படிப் போனால் அதைச் சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியில் மிச்சம் இருப்பவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை வேறு பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டுங்கள்.